ஒற்றைக்குச் சிவப்பு, இரட்டைக்கு நீலம்

லாஸ்மினி: ...அதனால இன்னொரு தடவை படம் எடுத்துடு. ரெண்டு நிமிஷ வேலை.

பிரப்தி: எதனாலக்கா? உள்ள வந்ததும் "அதனால"லேர்ந்து ஆரம்பிக்கிறீங்க.

லாஸ்மினி: போன ஞாயித்துக்கிழமை எடுத்தது சரியா விழல.

பிரப்தி: எது சரியா விழல?

லாஸ்மினி: மூக்கு.

பிரப்தி: மூக்கு இருக்கற மாதிரிதான் விழுந்திருக்கு. நீங்களே பார்த்துட்டு, "என் கல்யாணத்துலகூட இவ்வளவு நல்லா வரலடி"ன்னீங்க.

லாஸ்மினி: என் கல்யாணத்துல படம் பிடிச்சவன் என் பாதி மூஞ்சியை விட்டுட்டான். அதைவிட நல்லா வந்ததுன்னா அது ஒரு பெருமையா?

பிரப்தி: சரி. மூக்குக்காக நீங்க வரல.

லாஸ்மினி: எடுப்பியா, மாட்டியா?

பிரப்தி: எடுக்காம? ஓசில படம் பிடிக்க ஆரம்பிச்சு நாலு மாசம் ஆச்சு. முதல்ல கத்துக்கிட்டதே இதான். காசு குடுத்தவங்க படத்தை வாங்கிக்கிட்டுப் போயிடுவாங்க. குடுக்காதவங்க வாங்கிட்டுப் போய், நாலு பேருகிட்ட காட்டி, நாலு குறையோட திரும்பி வருவாங்க.

லாஸ்மினி: நான் யாருகிட்டயும் காட்டல.

பிரப்தி: அப்ப குறை எல்லாம் உங்க சொந்தக் குறை.

லாஸ்மினி: நீ பேசிக்கிட்டே இரு. வெளிய சுதினாக்கா பசையும் கையுமா நிக்கறா. குழுக்காரங்க படம் எல்லாம் போர்டுல முக்காவாசி ஒட்டியாச்சு. முதியோர் உடற்பயிற்சி முடிஞ்சதும் மண்டபச் சுவர்ல அடிச்சுடுவாங்களாம்.

பிரப்தி: அடிக்கட்டும். நாப்பத்தெட்டு பேரு, மூணு ஞாயித்துக்கிழமை. வாரத்துல ஆறு நாள் மருந்துக்கடையில மாத்திரை எண்ணிட்டு, ஏழாவது நாள் இங்க வந்து மூஞ்சி எண்ணியிருக்கேன். இந்த வார்டுல வயசானவங்க அத்தனை பேரோட தாடையும் எனக்கு இப்ப மனப்பாடம்.

லாஸ்மினி: என்னோடது இன்னும் ஒட்டல. கடைசி வரிசை. அதுக்குள்ள மாத்திடணும்.

பிரப்தி: உக்காருங்க. நீலத் துணியை இறக்கறேன்.

லாஸ்மினி: நீலம் வேணாம்.

பிரப்தி: ...என்ன?

லாஸ்மினி: சிவப்புப் போடு.

பிரப்தி: அக்கா, நீங்க அறுபத்து நாலுல பொறந்தவங்க. ரெட்டை. ரெட்டைக்கு நீலம்.

லாஸ்மினி: சிவப்புதான் என் நிறத்துக்கு எடுப்பா இருக்கும்.

பிரப்தி: எடுப்பா இருக்கறதுக்கா துணி? ஒத்தை வருஷத்துல பொறந்தா பின்னாடி சிவப்பு, ரெட்டை வருஷம்னா நீலம். அடையாள அட்டைக்குப் படம் பிடிச்ச காலத்துலேர்ந்து அதான் வழக்கம். பள்ளிக்கூடப் புள்ளையைக் கேட்டாலும் சொல்லும்.

லாஸ்மினி: அது அரசாங்கத்துக்கு. இது வெறும் உடற்பயிற்சிக் குழு.

பிரப்தி: சுதினாக்கா அரசாங்கத்தைவிடக் கண்டிப்பு. வரிசைக்கு எட்டு படம், பேரு கீழ, வருஷம் எழுத வேணாம், துணியே சொல்லிடும்னு அளவு போட்டுக் குடுத்திருக்காங்க.

லாஸ்மினி: தெரியும். துணியே சொல்லிடும்.

பிரப்தி: இந்த விஷயத்துல நான் ஏற்கெனவே அடி பட்டிருக்கேன்க்கா. முதல் ஞாயித்துக்கிழமை எல்லாரையும் "ஒத்தையா, ரெட்டையா"ன்னு மட்டும்தான் கேட்டேன். சுகிரான் அண்ணன் "ஒத்தை"ன்னாரு. சிவப்புல எடுத்துட்டேன். அப்புறம் பார்த்தா, மனுஷன் வீட்டு நம்பரைச் சொல்லியிருக்காரு.

லாஸ்மினி: அவன் அப்படித்தான் சொல்வான்.

பிரப்தி: அன்னையிலேர்ந்து வருஷத்தை முழுசா கேக்கறேன். நாலு எண்ணும். நீங்க போன வாரம் ரொம்பத் தெளிவா, "ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்து நாலு"ன்னு சொன்னீங்க. நோட்டுல எழுதியிருக்கேன். கேக்காமலே ரெண்டு தடவை சொன்னீங்க.

லாஸ்மினி: ரெண்டு தடவையா சொன்னேன்?

பிரப்தி: ரெண்டாவது தடவை சத்தமா. ஹர்தோனோ சார் அப்ப கதவுகிட்ட கோட்டு மாட்டிக்கிட்டு நின்னாரு.

லாஸ்மினி: ...அந்தக் கோட்டு அவருக்குப் பொருந்தவே இல்ல.

பிரப்தி: அது யாருக்குமே பொருந்தல. இருபத்திரண்டு ஆம்பளைங்களுக்கு ஒரே கோட்டு. முன்னாடி பார்த்தா மந்திரி. பின்னாடி பூரா துணிக் கிளிப்பு. ஹர்தோனோ சாருக்கு மட்டும் ஒன்பது கிளிப்பு போட்டேன்.

லாஸ்மினி: ஒன்பதா? மெலிஞ்சு போயிட்டாரா?

பிரப்தி: அவரு மெலியறது எப்படி? தினமும் காலையில உங்க கடையிலதானே கடலைச் சாறு ஊத்தின பெச்செல் கீரை சாப்பிடறாரு. தோள் சின்னது, அவ்வளவுதான்.

சுதினா: என்ன இது, துணி மாத்தறே? எல்லாம் முடிஞ்சுதுன்னு சொன்னியே, பிரப்தி!

பிரப்தி: முடிஞ்சுதுக்கா. லாஸ்மினி அக்காவுக்கு மட்டும்...

சுதினா: அவளுக்கு என்ன?

லாஸ்மினி: மூக்கு, சுதினாக்கா.

சுதினா: மூக்கா? அது நீ பொறக்கும்போதே அப்படித்தான் இருந்திருக்கும். இவ என்ன பண்ணுவா?

பிரப்தி: வெளிச்சம் கொஞ்சம் சாஞ்சு விழுந்துடுச்சுக்கா. என் கவனக்குறைவு.

சுதினா: கவனக்குறைவு, கவனக்குறைவு. நேத்தும் இப்படித்தான் ஒரு படத்தை மாத்தினே. நான் ஒட்டினதைப் பிச்சு, நான் வர்றதுக்குள்ள நீயே மறுபடி ஒட்டி...

பிரப்தி: அது கண்ணு மூடிட்டாருக்கா. விடுங்க.

சுதினா: கண்ணு நல்லாத்தானே திறந்திருந்தது? நான் பார்த்தேனே?

பிரப்தி: பாதி. பாதி திறந்தா மூடினதாதான் கணக்கு. பசை காஞ்சுடப் போகுதுக்கா.

சுதினா: பத்து நிமிஷம். அதுக்கு மேல ஆச்சுன்னா கடைசிக் கட்டத்துல வெறும் பேரு மட்டும்தான் இருக்கும். கேக்கறவங்களுக்கு மூக்கு வரலைன்னு சொல்லிடுவேன்.

பிரப்தி: ...போயிட்டாங்க. இப்ப சொல்லுங்க.

லாஸ்மினி: என்ன சொல்ல?

பிரப்தி: நாலு எண்ணு.

லாஸ்மினி: நீ எடுடி. கேமராவைப் பாரு.

பிரப்தி: வருஷம் தெரியாம சிவப்புல எடுக்க மாட்டேன். சுகிரான் அண்ணன் வீட்டுல இன்னும் எனக்குத் தண்ணிகூடக் குடுக்கறதில்ல.

லாஸ்மினி: ஆயிரத்துத் தொள்ளாயிரத்து...

பிரப்தி: ம்.

லாஸ்மினி: வெளிய சத்தம் நின்னுடுச்சா? பாட்டு ஓடுதா?

பிரப்தி: ஓடுது. இப்பதான் இடுப்பு வளைக்கற பாட்டு. இன்னும் கழுத்து இருக்கு, மூச்சு இருக்கு. சொல்லுங்க.

லாஸ்மினி: ...ஐம்பத்தொன்பது.

பிரப்தி: ஐம்பத்தொன்பதா? அப்ப...

லாஸ்மினி: கணக்குப் போடாத.

பிரப்தி: போட்டுட்டேன். கல்லாவுல நின்னு நின்னு, தானா போட்டுடுது.

லாஸ்மினி: வயசு அறுபத்து நாலு. பொறந்த வருஷம் அறுபத்து நாலுன்னு சொன்னேன். எண்ணு பொய் இல்ல. கொண்டுபோய் வச்ச இடம்தான் தப்பு.

பிரப்தி: அப்ப நீங்க எங்கம்மாவைவிட ரெண்டு வயசு பெரியவங்க. நான் இத்தனை நாளா அக்கான்னு கூப்பிட்டுக்கிட்டு...

லாஸ்மினி: அது அப்படியே இருக்கட்டும். வந்த பழக்கத்தை மாத்தாத.

பிரப்தி: எதுக்குக்கா அஞ்சு வருஷத்தை முழுங்கினீங்க? கேக்கறதுக்கு யாரு இருக்கா இந்தத் தெருவுல?

லாஸ்மினி: நான் இந்தத் தெருவுக்கு வந்து கடை போட்ட முதல் வாரம். அவரு, அதான் உன் ஒன்பது கிளிப்புக்காரரு, தட்டை நீட்டிக்கிட்டே, "நான் அறுபத்து மூணுல பொறந்தவன், இன்னும் காரம் தாங்கும், நல்லாப் போடுங்க"ன்னாரு. "அறுபத்து மூணா? நான் அறுபத்து நாலு"ன்னு என் வாய் சொல்லிடுச்சு.

பிரப்தி: யாரும் கேக்காமலேவா?

லாஸ்மினி: மிளகாய்க்குத்தான் கேட்டாரு. நான் வயசைச் சொல்லிட்டேன்.

பிரப்தி: ஒரு வயசு சின்னவங்களா.

லாஸ்மினி: ஒரே ஒரு வயசு. அளவாத்தான் சொன்னேன். அப்புறம் சுதினாக்கா பதிவேட்டுல பேரு எழுத வந்தா. பக்கத்துல அவரு நிக்கறாரு. அங்கயும் அறுபத்து நாலு. ஒரு தடவை சொன்னதுக்கு மூணு வருஷமா சாட்சி சொல்லிக்கிட்டிருக்கேன்.

பிரப்தி: அதுக்கு இப்ப என்ன? அட்டையைக் கேட்டு யாரும் வரப்போறதில்லையே.

லாஸ்மினி: வருவாங்க. செவ்வாய்க்கிழமை.

பிரப்தி: செவ்வாய்க்கிழமை என்ன?

லாஸ்மினி: ...அவரு கேட்டாரு.

பிரப்தி: என்ன கேட்டாரு?

லாஸ்மினி: இந்தத் தடவை மிளகாய் இல்ல.

பிரப்தி: அக்கா!

லாஸ்மினி: கத்தாத. முதல் வரிசையிலதான் நின்னு கையை ஆட்டிக்கிட்டிருக்காரு. சன்னல் திறந்திருக்கு.

பிரப்தி: நீங்க என்ன சொன்னீங்க?

லாஸ்மினி: "சரி"ன்னேன். வேற என்ன சொல்றது? புருஷன் போய்ப் பதினோரு வருஷம் ஆச்சு. பையன் மடியுன் ஊர்ல இருக்கான், பெருநாளுக்குப் பெருநாள்தான் பார்க்கறேன். காலையில கடையைத் திறக்கும்போது வாசல்ல ஒருத்தர் ஏற்கெனவே வந்து நிக்கறாரு பாரு... அது எனக்குப் பிடிச்சுப் போச்சு.

பிரப்தி: செவ்வாய்க்கிழமை பதிவு ஆபீஸா?

லாஸ்மினி: ஆமா. ரெண்டு பேரும் அடையாள அட்டையைக் குடுக்கணும். அதிகாரி மேசையில என்னோடதும் அவரோடதும் பக்கத்துல பக்கத்துல கிடக்கும். முப்பது வருஷம் ரயில்ல டிக்கெட் பார்த்தவரு. எண்ணைக் கண்டா படிக்காம விடமாட்டாரு.

பிரப்தி: அதுக்கு முன்னாடி நீங்களே வாயால சொல்லிடலாமே.

லாஸ்மினி: மூணு வாரமா தினமும் சொல்லத்தான் போறேன். அவரு தட்டுல கடலைச் சாறு ஊத்தும்போது சொல்லிடணும்னு வாயைத் திறப்பேன். "இன்னும் கொஞ்சம் ஊத்தட்டுமா"ன்னு வரும். மனுஷன் மூணு வாரத்துல ரெண்டு கிலோ ஏறிட்டாரு.

பிரப்தி: அதான் ஒன்பது கிளிப்போட நின்னுடுச்சு. இல்லைன்னா பத்து போட்டிருப்பேன்.

லாஸ்மினி: அதனாலதான் போர்டு. என் படத்துக்குப் பின்னாடி சிவப்பைப் பார்ப்பாரு. ஒத்தைன்னு தெரியும். அறுபத்து நாலு இல்லைன்னு புரியும். வீட்டுக்குப் போய் உக்காந்து யோசிப்பாரு.

பிரப்தி: அறுபத்தஞ்சுன்னு நினைச்சுட்டா?

லாஸ்மினி: இருக்கற வயசைக் கூட்டிப் பொய் சொல்ற ஆளு இன்னும் பொறக்கல. அது அவருக்கும் தெரியும்.

பிரப்தி: ...

லாஸ்மினி: என்ன? ஏன் அப்படிப் பார்க்கறே?

பிரப்தி: ஒண்ணுமில்ல. கேமராவுல தூசி. சொல்லுங்க. நேர்ல சொல்றதுக்கு என்ன?

லாஸ்மினி: நேர்ல சொன்னா அவரு உடனே ஒரு பதில் சொல்லியாகணும்டி. நல்ல மனுஷன். "பரவாயில்ல"ன்னு சொல்லிடுவாரு. மனசுல இல்லாட்டியும் சொல்லிடுவாரு. அப்புறம் அந்தப் "பரவாயில்ல"கூட நான் காலம் பூரா குடித்தனம் பண்ணணும். படத்துல பார்த்துட்டாருன்னா பதிலே சொல்ல வேணாம். நாளைக்குக் காலையில கடைக்கு வந்தா, வந்தாரு. வரலைன்னா... வேற கடை ருசி பிடிச்சுப் போச்சுன்னு நினைச்சுக்குவேன்.

பிரப்தி: நினைச்சுக்குவீங்களா?

லாஸ்மினி: மாட்டேன். பயமா இருக்கு, பிரப்தி. ராத்திரி சோறு இறங்கல. இந்த வயசுல இப்படிப் பயப்படுவேன்னு நான் நினைச்சதே இல்ல.

பிரப்தி: எந்த வயசுல?

லாஸ்மினி: அடி வாங்குவ.

பிரப்தி: நிமிர்ந்து உக்காருங்க. சிவப்பை இறக்கிட்டேன். நாற்காலியை முன்னாடி இழுங்க. இன்னும். துணிலேர்ந்து ரெண்டு கை தூரம் வேணும்.

லாஸ்மினி: எதுக்கு அவ்வளவு தூரம்?

பிரப்தி: ஒட்டி உக்காந்தா சிவப்பு கழுத்துல ஏறும். முதல் வாரம் எடுத்த சிவப்புக்காரங்க எல்லாருக்கும் காய்ச்சல் வந்த மாதிரி இருந்துச்சு. நீலத்துல எடுத்தவங்க ஏற்கெனவே போயிட்ட மாதிரி இருந்தாங்க. சுதினாக்கா பார்த்துட்டு, "இது உடற்பயிற்சிக் குழுவா, ஆஸ்பத்திரி வார்டா"ன்னாங்க.

லாஸ்மினி: சிரிக்கணுமா?

பிரப்தி: வேணாம். "சிரிங்க"ன்னு சொல்றதையே விட்டுட்டேன். சொன்னா எல்லாரும் பல்லு டாக்டர்கிட்ட காட்டற மாதிரி காட்டறாங்க. அதுலயும் முர்த்தினா அத்தையோட பல்லு...

லாஸ்மினி: அந்தத் தங்கப் பல்லா?

பிரப்தி: அது தங்கம்னு எனக்கு எப்படித் தெரியும்? வெளிச்சம் பட்டு மின்னுதுன்னு நினைச்சு, கம்ப்யூட்டர்ல போட்டு, அரை மணி நேரம் உக்காந்து வெள்ளையாக்கினேன். அவ்வளவு பொறுமையா நான் எதுவுமே செஞ்சதில்ல. மறுநாள் மருந்துக்கடைக்கே வந்துட்டாங்க, "என் பல்லைக் குடு"ன்னு.

லாஸ்மினி: அந்தப் பல்லுக்காகத்தானே அவ மாட்டை வித்தா.

பிரப்தி: அதை எல்லார் முன்னாடியும் சொன்னாங்க. இருமல் மருந்து வாங்க வந்தவங்க எல்லாம் என்னைத் திருடி மாதிரி பார்த்தாங்க. அன்னையிலேர்ந்து யார் மூஞ்சியிலயும் கை வைக்கறதில்ல. இருக்கறது இருக்கட்டும்.

லாஸ்மினி: என் கண்ணுக்குக் கீழ இருக்கற கறுப்பு?

பிரப்தி: இருக்கட்டும்.

லாஸ்மினி: கழுத்துச் சுருக்கம்?

பிரப்தி: முக்காடு மறைச்சுடும். மறைக்காதது இருக்கட்டும். உண்மையைச் சொல்றதுக்குத்தானே சிவப்புல உக்காந்திருக்கீங்க? பாதி உண்மைக்குத் துணி கிடையாது.

லாஸ்மினி: ரொம்பப் பேசற.

பிரப்தி: பேசினாத்தான் நீங்க மூச்சு விடறீங்க. பேசாம இருந்தா எல்லாரும் மூச்சைப் பிடிச்சுக்கறாங்க. ஒருத்தர் மயங்கியே விழுந்துட்டாரு. சரி, மூணு எண்ணுவேன். ஒண்ணு... ரெண்டு...

லாஸ்மினி: ...மூணு எங்க?

பிரப்தி: எடுத்தாச்சு. மூணு சொன்னா எல்லாரும் கண்ணை மூடிடறாங்க. அதனால ரெண்டுலயே எடுத்துடுவேன்.

லாஸ்மினி: இது ஏமாத்து வேலை.

பிரப்தி: அஞ்சு வருஷத்தை முழுங்கினவங்க சொல்றீங்க.

லாஸ்மினி: காட்டு.

பிரப்தி: காட்ட மாட்டேன். காட்டினா மூக்கைப் பார்ப்பீங்க. இருங்க, பிரிண்டர் சூடாகட்டும்.

லாஸ்மினி: கோரமா இருக்கா?

பிரப்தி: இல்ல. பயந்த மாதிரி இருக்கு. நல்லா இருக்கு.

லாஸ்மினி: பயந்தது எப்படிடி நல்லா இருக்கும்?

பிரப்தி: மத்த நாப்பத்தேழு பேரும் போலீஸ்காரன் முன்னாடி நிக்கற மாதிரி நிக்கறாங்க. நீங்க ஒருத்தர்தான் யாரோ வர்றதைப் பார்க்கற மாதிரி இருக்கீங்க. எனக்குச் சொல்லத் தெரியல. நாலு மாசத்துல நான் எடுத்ததுல இதுதான் படம்.

சுதினா: பத்து நிமிஷம் ஆச்சு! குடு, குடு. கழுத்துப் பயிற்சி முடிஞ்சு மூச்சுக்கு வந்துட்டாங்க... என்ன இது?

பிரப்தி: லாஸ்மினி அக்கா படம்.

சுதினா: மூஞ்சி தெரியுது. பின்னாடி ஏன் சிவப்பு? என் பதிவேட்டுல இவ அறுபத்து நாலு. ரெட்டை.

பிரப்தி: என் தப்புதான்க்கா. அவங்க ஒத்தை. நான்தான் போன வாரம் தப்பா எழுதி நீலத்துல எடுத்துட்டேன்.

சுதினா: நீ எழுதினது தப்புன்னா நான் எழுதினது? மூணு வருஷத்துக்கு முன்னாடி என் கையால எழுதினேன்.

பிரப்தி: உங்களுக்கும் கைத்தவறு வரலாமேக்கா.

சுதினா: எனக்கா? எனக்கு வராது. ஓசி வேலைன்னா இப்படித்தான். அப்பவே சொன்னேன், ஆளுக்கு அஞ்சாயிரம் ரூபியா போட்டு ஸ்டூடியோவுக்கே போயிடலாம்னு. இந்தப் பொண்ணு பழசா ஒரு கேமரா வாங்கினாலும் வாங்கினா...

பிரப்தி: ஆமாக்கா.

சுதினா: ஒருத்தருக்குக் காய்ச்சல், ஒருத்திக்குப் பல்லு இல்ல, ஒருத்தன் வீட்டு நம்பர்ல பொறந்திருக்கான்...

பிரப்தி: ஆமாக்கா.

லாஸ்மினி: அவளைத் திட்டாத, சுதினா. நான் பொறந்தது ஐம்பத்தொன்பது.

சுதினா: என்ன சொல்றே?

லாஸ்மினி: உன் கைத்தவறும் இல்ல, அவ கைத்தவறும் இல்ல. நான்தான் பொய் சொன்னேன்.

சுதினா: ஐம்பத்தொன்பதா?

லாஸ்மினி: ஐம்பத்தொன்பது.

சுதினா: நான் அறுபத்தொண்ணு!

லாஸ்மினி: தெரியும்.

சுதினா: அப்ப நீ என்னைவிட மூத்தவ! மூணு வருஷமா என்னை அக்கா, அக்கான்னு கூப்பிட்டியே!

லாஸ்மினி: நீயும் திரும்பிப் பார்த்தியே.

சுதினா: உனக்கு வயசு கம்மின்னு நினைச்சு, கூட்டத்துக்குக் கூட்டம் தண்ணிப் பாத்திரத்தை உன்னையே தூக்க வச்சேனே! முட்டி வலிக்குதுன்னு ஒரு வார்த்தை சொன்னியா?

லாஸ்மினி: ஐம்பத்தொன்பது வயசுக்காரிக்கு எப்படி முட்டி வலிக்கும்?

சுதினா: கடவுளே. குடு அந்தப் படத்தை. சிவப்புதான் சரி. பதிவேட்டை நான் திருத்திக்கறேன். இனிமே பாத்திரத்தைத் தொட்டுப் பாரு, சொல்றேன்... அக்கான்னு மட்டும் நான் கூப்பிட மாட்டேன். அவ்வளவு சீக்கிரம் வாய் வராது.

லாஸ்மினி: வேணாம்.

சுதினா: யாருக்கெல்லாம் தெரியும்?

லாஸ்மினி: உனக்குத் தெரிஞ்சுடுச்சு. இனிமே யாருக்குச் சொல்லணும்?

சுதினா: நான் யாருகிட்டயும் சொல்ல மாட்டேன். கேட்டா மட்டும்தான் சொல்வேன்.

பிரப்தி: ...போயிட்டாங்க. வாயால சொல்ல வராதுன்னீங்க?

லாஸ்மினி: அவகிட்ட வந்துடுச்சு. அவ என்னைக் கல்யாணம் பண்ணிக்கப் போறதில்லையே. அந்தத் தண்ணியை இப்படிக் குடு.

பிரப்தி: தண்ணி குடிங்க.

லாஸ்மினி: ஒட்டறாளா? எட்டிப் பாரு.

பிரப்தி: ஒட்டறாங்க. கடைசி வரிசை, கடைசிக் கட்டம்.

லாஸ்மினி: அவரு எங்க?

பிரப்தி: நிழல்ல உக்காந்து துண்டால முகம் துடைக்கறாரு. இன்னும் போர்டு பக்கம் வரல.

லாஸ்மினி: அவரு படம் எந்த வரிசை? நான் வரும்போது பயத்துல பார்க்கவே இல்ல. அவரும் ஒத்தைதானே, அறுபத்து மூணு. ரெண்டு பேரும் சிவப்பு. அது ஒண்ணுதான் மனசுக்குக் கொஞ்சம் ஆறுதல்.

பிரப்தி: அக்கா, அது வந்து...

லாஸ்மினி: என்னடி?

பிரப்தி: அவரு சிவப்பு இல்லக்கா.

லாஸ்மினி: சிவப்புதான். போன வாரம் நான் கதவுகிட்ட நின்னு பார்த்தேனே.

பிரப்தி: போன வாரம் சிவப்பு. நேத்து மருந்துக்கடைக்கு வந்து, என்னை இங்க கூட்டிக்கிட்டு வந்து, நீலத்துக்கு மாத்திக்கிட்டாரு.

லாஸ்மினி: சுதினா சொன்னாளே, நேத்து ஒருத்தருக்கு... அது இவரா? கண்ணு மூடிட்டாருன்னு சொன்னே?

பிரப்தி: கண்ணு நல்லாத்தான் திறந்திருந்தது. யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்னு வாக்குக் குடுத்திருந்தேன். முக்கியமா உங்ககிட்ட.

லாஸ்மினி: எனக்கு ஒண்ணும் புரியல. என்ன விஷயம், சொல்லு.

பிரப்தி: அவருக்கு உங்க வருஷம் தெரியும்.

லாஸ்மினி: ...எப்படி?

பிரப்தி: பெருநாளுக்குப் பையன் வீட்டுக்குப் போயிட்டு ரயில்ல வந்தீங்களே. ஸ்டேஷனுக்கு வந்து உங்க பையை வாங்கிக்கிட்டாரு. டிக்கெட்டு பைக்கு மேலேயே செருகியிருந்துதாம். அதுல உங்க அடையாள எண்ணு இருக்குமே, அதுக்குள்ளதான் பொறந்த தேதி, மாசம், வருஷம் எல்லாம் வரிசையா இருக்கே. பொம்பளைங்களுக்குத் தேதியில நாப்பது கூட்டியிருப்பாங்களாம். அதைக்கூடக் கழிச்சுட்டேன்னாரு. வேணும்னு பார்க்கல, பழக்க தோஷம்னாரு.

லாஸ்மினி: பெருநாளுக்கா? அப்பவேவா?

பிரப்தி: உங்களைக் கேட்டது எப்ப?

லாஸ்மினி: அதுக்கு அப்புறம்... ரெண்டு மாசம் கழிச்சு.

பிரப்தி: ம்.

லாஸ்மினி: தெரிஞ்சேவா கேட்டாரு?

பிரப்தி: தெரிஞ்சேதான்.

லாஸ்மினி: இத்தனை நாள் ஒரு வார்த்தை... ஊத்த ஊத்தக் கடலைச் சாறைக் குடிச்சுக்கிட்டு, வாயைத் திறக்காம... பாவி மனுஷன்... சரி, எல்லாம் தெரிஞ்சவருக்கு எதுக்கு இந்த நீலம்?

பிரப்தி: நானும் அதைத்தான் கேட்டேன். "ஐம்பத்தெட்டுல பொறந்தேன்னு எழுதிக்கோ, கேக்கறவங்ககிட்ட நானும் அதையே சொல்லிக்கறேன். கல்யாணம்னு வந்தா அவங்க வருஷம் எப்படியும் வெளிய வந்துடும், இந்தத் தெரு பார்க்கப்போறது என் அட்டையை இல்ல, இந்தப் போர்டைத்தான். நான் ஒரு வயசாவது மூத்தவனா இருந்துட்டா, அவங்களை யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க"ன்னாரு.